சிறார் நீதி – 6: பதினைந்து நாளில் ஓர் அறிக்கை

சிறாருக்கென்று தனிச் சட்டம் இயற்றியதில் இந்தியாவிலேயே சென்னை மாகாணம்தான் முந்தியது. ஆண்டு 1920. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பள்ளிகளைச் சென்ற வாரம் சுற்றிப் பார்த்தோம். இன்றைய 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, பையன் அங்கெல்லாம் போகாமலே திருந்தட்டும் என்கிறது. இந்த வேலையைச் சுமப்பவர் நன்னடத்தை அலுவலர். இவரைப் பற்றி யாரும் சினிமா எடுத்ததாகத் தெரியவில்லை.

பதினாறு வயதுப் பையன் ஒருவன் பைக் திருடி மாட்டிக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கும் போடக் கூடாது. தனியாகச் செய்த திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். கூடக் கிடையாது, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்றால்தான் மறுக்கலாம்.

அதற்குப் பிறகு நன்னடத்தை அலுவலருக்குப் பதினைந்து நாள். அதற்குள் சமூக ஆய்வு அறிக்கை குழுமத்தின் கைக்கு வர வேண்டும். பள்ளியை ஏன் விட்டான், வேலைக்குப் போனானா, கூட்டாளிகள் யார், வீட்டில் அடி உதை உண்டா, போதைப் பழக்கம் இருக்கிறதா என்று படிவம் பக்கம் பக்கமாகக் கேட்கிறது. எனக்கு இந்தப் படிவத்தின் மேல் மரியாதை உண்டு. திருடியது என்ன என்பதை போலீஸ் எழுதிவிடும். திருடியவன் யார் என்று கேட்கும் காகிதம் நம் நீதித்துறையில் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் தெருவுக்குள் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து, பள்ளி ஆசிரியரைப் பார்த்து, அம்மாவின் அழுகை அடங்கும்வரை காத்திருந்து எழுதினால்தான் அது அறிக்கை. மேசையிலேயே நிரப்பினால் ‘தவறான சேர்க்கை, ஏழ்மை’ என்ற இரண்டு வார்த்தையில் எந்தப் பையனையும் முடித்துவிடலாம்.

விசாரணையைப் பொதுவாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். குற்றம் நிரூபணமானால் அறிவுரை சொல்லி அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். கண்காணிப்பும் இல்லமும் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது.

2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இருவர் இறந்த வழக்கில், பதினேழு வயதுப் பையனுக்கு 300 வார்த்தைக் கட்டுரை எழுதும்படி நிபந்தனை போட்டு ஜாமீன் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. கட்டுரை கேலிக்கூத்துதான். ஆனால் ஜாமீனே கொடுத்திருக்கக் கூடாது என்று கத்தியவர்கள், இதே சட்டம் பேட்டரி திருடும் பையனுக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்பதை மறந்துபோனார்கள்.

பேட்டரி என்பது உதாரணத்துக்குச் சொன்னதல்ல. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களைச் சீரமைப்பது பற்றி ஆராய நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. இவ்வளவு சின்னக் குற்றத்துக்குப் பையனை உள்ளே வைத்தே ஆகவேண்டுமா என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கண்காணிப்பில் விடப்பட்டவனுக்குச் சிக்கல் வேறு மாதிரி. பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. மெக்கானிக் ஷெட் முதலாளி யோசிப்பார். வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அவனுடைய பழைய பதிவை போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. தெருவுக்குத் தெரிந்ததை எந்தப் பிரிவும் மறைக்காது. அந்தத் தலைமை ஆசிரியரிடமும் அந்த முதலாளியிடமும் போய் உட்கார்ந்து பேசுவதுதான் மறுவாழ்வில் பாதி வேலை. பயணப்படி கேட்டு எழுதும்போது இதை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பது அலுவலர்களின் தனிக் கவலை.

பதினாறு வயதைத் தாண்டியவர்கள் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய மூன்று மாதத்துக்குள் ஒரு முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். அங்கும் குழுமத்தின் மேசையில் இதே அலுவலரின் அறிக்கை இருக்கும். அது அடுத்த வாரம்.

(தொடரும்)