நாக்கை நீட்டுங்கள்!

சீன தேசத்தில் பழங்காலத்தில் பியன் சுவே என்றொரு வைத்தியர் இருந்தார். ஒரு நாள் அவர் ஒரு சிற்றரசனைப் பார்க்கப் போனார். அரசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தங்களுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது. இப்போது தோலளவில்தான் இருக்கிறது. கவனிக்காவிட்டால் உள்ளே இறங்கிவிடும்" என்றார்.

"எனக்கு ஒரு நோயும் இல்லை" என்றான் அரசன். வைத்தியர் போனதும், "நோய் இல்லாதவனுக்கு வைத்தியம் செய்து பெயர் வாங்கப் பார்க்கிறார்!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தான்.

ஐந்து நாள் கழித்து வைத்தியர் மறுபடியும் வந்தார். "ரத்தக் குழாய்களுக்குப் போய்விட்டது" என்றார். அரசன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் ஐந்து நாள் சென்றது. "வயிற்றுக்கும் குடலுக்கும் போய்விட்டது" என்றார். அரசனுக்குக் கோபம் வந்தது. நாலாவது தடவை வந்த பியன் சுவே, அரசனைத் தூரத்தில் கண்டதுமே பேசாமல் திரும்பி நடந்துவிட்டார். ஏன் என்று ஆள் அனுப்பிக் கேட்டான் அரசன். "நோய் எலும்பு மஜ்ஜைக்குப் போய்விட்டது. இனி ஆயுளை அளக்கிற தேவதையாலும் முடியாது" என்று பதில் வந்தது. ஐந்தாம் நாள் அரசன் படுக்கையில் விழுந்தான். வைத்தியரைத் தேடினார்கள். அவர் ஊரைவிட்டே போயிருந்தார்!

சுமா சியென் என்ற சரித்திர ஆசிரியர் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த கதை இது. நடந்ததோ கற்பனையோ, சீன வைத்தியத்தின் முதல் பாடம் இதில் அடங்கியிருக்கிறது. மருந்தைப் படிப்பதற்கு முன்னால் மனிதனைப் படிக்க வேண்டும் என்பதுதான் அது.

நாலு வழிகள்

சீன வைத்தியம் கற்க வரும் மாணவனுக்கு நோயறிய நாலு வழிகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பார்ப்பது, கேட்பது, விசாரிப்பது, தொடுவது. இரண்டாவதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கான சீனச் சொல்லுக்குக் 'காதால் கேட்பது' என்றும் பொருள். 'மூக்கால் முகர்வது' என்றும் பொருள். நோயாளியின் குரலும் இருமலும் ஒரு சாட்சி; வாயின் நாற்றமும் ஒரு சாட்சி.

பார்ப்பதில் முக்கியமானது நாக்கு. நுனி இருதயத்துக்கு, நடுப்பகுதி ஜீரணத்துக்கு, ஓரங்கள் கல்லீரலுக்கு, அடிப்பகுதி சிறுநீரகத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நிறம் வெளுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா, மேலே படிந்த மாவு வெள்ளையா மஞ்சளா என்றெல்லாம் கவனிப்பார்கள். ஆகவே காபி குடித்துவிட்டுப் போகக் கூடாது. காபியின் நிறத்தை நோயின் நிறமாக எழுதிக்கொண்டுவிடலாம் அல்லவா?

தொடுவது என்றால் நாடி. நம் சித்த வைத்தியர்களைப் போலவே இவர்களும் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹே என்பவர் நாடிக்கென்றே ஒரு நூல் எழுதி, 24 வகை நாடிகளைப் பிரித்தார். 1564-ல் லீ ஷிஜென் அதை 27 ஆக்கி, மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளில் பாடி வைத்தார். நீரில் மிதக்கும் கட்டை போல ஒரு நாடி. தட்டில் உருளும் முத்துப் போல ஒன்று. ஏட்டில் படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. விரல் நுனிக்கு அது வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அப்படி வந்த பிறகும், ஒரே நோயாளியைப் பல வைத்தியர்கள் தனித்தனியே பார்த்த பரிசோதனைகளில், அவர்கள் சொன்ன நாடி பல சமயம் ஒத்துப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஜலதோஷம், இரண்டு மருந்து

இத்தனை சிரமம் எதற்கு? சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியரின் குடும்பத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பத்து வருஷத்துக்குள் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மாண்டு போனார்கள்; பெரும்பாலோரைக் கொண்டுபோனது ஜுரம். அந்தத் துக்கத்தில் அவர் ஜுர வைத்தியத்துக்கு ஒரு நூல் எழுதினார். இன்றும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அதிலிருந்து ஓர் உதாரணம். இரண்டு பேர் வருகிறார்கள். இருவருக்கும் ஜுரம், குளிர், தலைவலி. முதல் ஆளுக்கு வியர்வையே இல்லை. நாடி முறுக்கிய கயிறு போல இறுகியிருக்கிறது. அவருக்கு மா ஹுவாங் என்ற செடியை முக்கியமாக வைத்துக் கஷாயம். இரண்டாம் ஆளுக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டாலே உடம்பு சிலிர்க்கிறது, நாடி தளர்ந்திருக்கிறது. அவருக்கு லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை, பியோனி வேர், இஞ்சி, இலந்தை, அதிமதுரம் சேர்ந்த கஷாயம். குடித்ததும் சூடாக ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். இலேசாக வியர்த்தால் போதும். ஆறாகப் பெருகக் கூடாது.

மருந்தை மாற்றிக் கொடுத்தால்? மா ஹுவாங்கில் எபெட்ரின் என்ற சத்து இருப்பதை 1885-ல் நாகாய் என்ற ஜப்பானிய விஞ்ஞானி பிரித்தெடுத்தார். அது இருதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். ஏற்கெனவே வியர்த்துத் தளர்ந்தவனுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று பழைய வைத்தியர்கள் எச்சரித்தது வெறும் சம்பிரதாயமல்ல.

பெயர் ஒன்று, செடி வேறு

ஆளைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? செடியும் தெரிய வேண்டும். முன்னே சொன்ன லீ ஷிஜென், அரசாங்கப் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். தகப்பனாரின் வைத்தியத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார். பழைய நூல்களில் ஒரே செடி இரண்டு பெயரிலும், இரண்டு செடிகள் ஒரே பெயரிலும் கிடப்பதைக் கண்டு திடுக்கிட்டார். 1552-ல் எழுத உட்கார்ந்தவர் 1578-ல்தான் முடித்தார். அதில் 1,892 மருந்துப் பொருள்கள்! 1593-ல் அவர் காலமானார்; நூல் 1596-ல் நான்ஜிங்கில் வெளிவந்தது. அச்சிட்ட புத்தகத்தை அவர் கண் பார்க்கவில்லை.

அவர் பயந்தது வீண் பயமல்ல. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைப்பதற்காகச் சீன மூலிகை சேர்ந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். விசாரித்தபோது, ஃபாங்ஜி என்ற பெயரில் ஒரு செடிக்குப் பதிலாக வேறொரு செடி வந்திருந்தது தெரிந்தது. அந்த இரண்டாவது, நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது. இந்தக் கெடுதல் மெதுவாக வருவது. குடித்தவன் என்றோ நோயில் விழுந்தால், அன்று குடித்த கஷாயத்தை யார் நினைப்பார்கள்? நூற்றாண்டுகளின் அனுபவத்துக்கும் இது சரியாகப் புலப்படவில்லை. சோதனைச் சாலைதான் காட்டிக் கொடுத்தது.

கொதிக்க வைக்காதே!

பழையதையும் புதியதையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1956-ல் சீன அரசாங்கம் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நாலு நகரங்களில் பாரம்பரிய வைத்தியக் கல்லூரிகளைத் திறந்தது. மேல்நாட்டு முறையில் படித்தவர்களுக்கும் பழைய வைத்தியம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி இரண்டரை வருஷம் பயின்றவர் தூ யூயூ என்ற பெண்மணி.

1969-ல் மலேரியாவுக்கு மருந்து தேடும் பொறுப்பு அவரிடம் வந்தது. கணவர் கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். நாலு வயது மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். திரும்பி வந்தபோது குழந்தைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை!

பழைய ஏடுகளிலிருந்து இரண்டாயிரம் மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்கள். அவற்றில் சிங்ஹாவ் என்ற செடி, நம் மரிக்கொழுந்தின் ஒன்றுவிட்ட சகோதரி, ஒரு தடவை பலன் தந்தது. மறு தடவை கைவிட்டது. கோ ஹோங் என்பவர் நாலாம் நூற்றாண்டில் எழுதிய நூலைத் திரும்பப் புரட்டினார் தூ யூயூ. ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்கும்படி அதில் இருந்தது. கஷாயமாகக் காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தை எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ம் மாதிரி, எலிகளிடம் நூற்றுக்கு நூறு வெற்றி தந்தது. அடுத்த வருஷம் அவரும் சகாக்களும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தார்கள்; பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதுதான் ஆர்ட்டெமிசினின். 2015-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஏட்டை அவர் தூக்கி எறியவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவுமில்லை. வாசித்தார், சோதித்தார், பிறகு நம்பினார்.

ஆகவே, எந்த மூலிகை சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சீன வைத்தியர் யாராவது, "நாக்கை நீட்டுங்கள்" என்றால் தாராளமாக நீட்டுங்கள். ஆனால் நாக்கையும் பாராமல், நாடியையும் தொடாமல், ஒரு வார்த்தையும் விசாரிக்காமல், ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரையை ஒருவர் எடுத்து நீட்டினால், பியன் சுவே செய்ததையே நீங்களும் செய்யுங்கள். பேசாமல் திரும்பி நடந்துவிடுங்கள்!