துப்பறிவாளர் நம் தெருவிலிருந்து வரக் கூடாதா?

2024 ஜூன் மாதம் கருணாபுரத்துக்குக் கேமராக்கள் வந்தன. விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில்தான் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. வரிசையாக எரிந்த சிதைகள், மார்பில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள், என்ன நடக்கிறதென்றே புரியாமல் நின்ற பிள்ளைகள். பின்னாலேயே கல்வராயன் மலையும் செய்தியில் அடிபட்டது. அதுவும் சாராய ஊறலைக் கொட்டி அழிக்கும் படங்களோடு. அந்தப் படங்கள் பொய்யில்லை. ஆனால் அந்தத் தெருவில் கேலி பேசும் கிழவிகள் உண்டு, பேய்க்கதை சொல்லும் தாத்தாக்கள் உண்டு, எதையும் நோண்டிக் கேட்கும் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. சாவு விழுந்தால்தான் நம் தெருவுக்குப் படம் பிடிக்க ஆள் வருகிறது.

இந்த வாரம் நாம் பேசப்போவது ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பற்றி. சாராயச் சாவுக்கும் படக்கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1947 ஜூன். நம் நாடு விடுதலைக்கு இரண்டு மாதம் காத்திருந்த நேரம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் ஒரு படக்கதை இதழை வெளியிட்டார். பெயர் ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’. வெள்ளையர் நடத்திய ‘பிலடெல்பியா ரெக்கார்ட்’ நாளிதழில் செய்தியாளராக இருந்தவர் அவர். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பருக்கு அப்படி வேலை கிடைப்பதே அபூர்வம். அந்த நாளிதழ் மூடப்பட்டதும், கூட வேலை பார்த்த சிலரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகப் பதிப்பில் இறங்கினார். 48 பக்கம், விலை 15 சென்ட். மற்ற காமிக்ஸ்கள் 10 சென்ட்டுக்கு விற்ற காலம் அது. எழுதியவர்கள், வரைந்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். அமெரிக்காவில் அப்படி வந்த முதல் காமிக்ஸ் இதழ் இதுதான் என்கிறார்கள்.

உள்ளே என்ன இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அடிமைத்தனத்தின் துயர வரலாறு இருக்கும் என்று நினைத்துத் திறந்தால் ஏமாந்துபோவோம். முதல் கதை ஒரு கொலை வழக்கு. ஏஸ் ஹார்லெம் என்ற கறுப்பினத் துப்பறிவாளர் கொலையாளிகளைத் தேடிப் பிடிக்கிறார். அந்த வில்லன்களும் கறுப்பர்களே. நம்மவர் எல்லோரும் உத்தமர்கள் என்று காட்ட எவன்ஸ் மெனக்கெடவில்லை. அடுத்து குட்டித் தேவதைகள் போன்ற பிள்ளைகள் வரும் மாயக்கதை. ஊர் ஊராகச் சுற்றும் இரண்டு பாட்டுக்காரர்களின் சிரிப்புக் கதை ஒன்று. பிறகு ‘லயன் மேன்’.

இந்த லயன் மேனிடம் சற்று நிற்க வேண்டும். ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு முகமூடி வீரர் மாயாவியைத் தெரியும். கதை நடப்பது காட்டில், வீரர் வெள்ளைக்காரர், காட்டு மக்கள் அவரைக் கண்டதும் மண்டியிடுவார்கள். நாமும் வாயைப் பிளந்துகொண்டு படித்தோம், மண்டியிடுபவர்களின் நிறம்தான் நம் நிறம் என்று யோசிக்காமலே. எவன்ஸின் தம்பி ஜார்ஜ் வரைந்த லயன் மேன் அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. அவன் கல்லூரியில் படித்த கறுப்பின விஞ்ஞானி. ஐ.நா. சபை அவனை ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைக்கு, அதாவது இன்றைய கானா நாட்டுக்கு அனுப்புகிறது. அங்கே யுரேனியம் கிடக்கும் ஒரு மலையைக் கொள்ளையரிடமிருந்து காப்பதுதான் அவன் வேலை. காட்டைக் காக்க வெளியிலிருந்து வெள்ளைக்காரர் வரத் தேவையில்லாமல் போயிற்று.

இரண்டாம் இதழுக்கும் கதைகள் தயாராயின. ஆனால் அச்சடிக்கத் தாள் கிடைக்கவில்லை. முதல் இதழுக்குத் தாள் கொடுத்தவர்களே கையை விரித்தார்கள். வேறு எங்கு கேட்டும் இதே பதில். ஒரே இதழோடு ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’ நின்றுபோனது. எவன்ஸ் மீண்டும் நாளிதழ் வேலைக்குப் போய், 1971இல் காலமானார். 75 ஆண்டுகள் கழித்து அந்த ஒற்றை இதழைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது 2024இல் அந்தப் பதிப்புக்குக் கிடைத்தது.

தலைப்பிலுள்ள சொல்லை இன்று யாரும் மரியாதையாகப் பயன்படுத்துவதில்லை. அன்று அவர்களே தங்களைக் குறிக்கப் புழங்கிய சொல் அது. நம் பக்கம் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்ததை நினைத்துக்கொள்ளலாம். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக்கிவிட்டார். அரசியலும் சரித்திரமும் சமயமும் அதில் கலந்து வந்தன. நம் ஆட்கள் பத்திரிகை நடத்தியது புதிதல்ல. அதில் படக்கதைதான் இல்லாமல் போயிற்று.

முற்றிலும் இல்லை என்றும் சொல்லக் கூடாது. 2011இல் ‘பீமாயணம்’ வந்தது. பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமராவ், பரோடா விடுதியிலிருந்து விரட்டப்பட்ட இளைஞர் அம்பேத்கர், மகாத் குளத்தில் இறங்கிய தலைவர் அம்பேத்கர் என விரியும் கதை. தமிழிலும் கிடைக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடித் தம்பதி. வழக்கமான கட்டங்களை அவர்கள் ஏற்கவில்லை. அன்பாகப் பேசுகிறவரின் பேச்சுக் குமிழியைப் பறவை வடிவில் வரைந்தார்கள். சாதித் திமிரோடு பேசுகிறவரின் குமிழிக்குத் தேள் கொடுக்கு வைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக்கூட எந்தச் சொல் கொட்டுகிறது என்று தெரிந்துவிடும். துர்காபாய்க்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பீமாயணம் ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டிய புத்தகம்தான். ஆனாலும் அது ஒரு கதை, ஒரு தலைவர். எவன்ஸ் செய்த காரியம் வேறு. கொலை வழக்கு, மாயம், சிரிப்பு, சாகசம் எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் வைத்தார். நம்மைப் பற்றிக் கதை என்றால் ஒன்று அடிபடுவது, இல்லை அழுவது என்று ஆகிவிட்டது. அழுகை நியாயமானது, அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் துப்பறியவும், பறக்கவும், பேயை ஏமாற்றவும் ஆசை இருக்கிறது. அந்தக் கதைகளில் எல்லாம் கதாநாயகனுக்கு வேறு தெருவின் முகம்தான் என்றால், அந்தப் பிள்ளை தன் முகத்தை எங்கே போய்த் தேடும்?

முடிதிருத்தும் கடை பெஞ்சில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்த கதையை நம் எழுத்தாளர்கள் பலர் ரசித்து எழுதுகிறார்கள். அந்த பெஞ்சிலேயே நம்மை உட்கார விடாத ஊர்கள் இருந்தன என்பது அவர்களுக்கு நினைவில் வருவதில்லை. நமக்கு வாய்த்தது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த, அட்டை கிழிந்த காமிக்ஸ். கடைசிப் பக்கம் இல்லாமல் எத்தனையோ கொலையாளிகள் தப்பித்துவிட்டார்கள்!

கள்ளக்குறிச்சியில் கதைக்கா பஞ்சம்? 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது கல்வராயன் மலை. அந்த நாட்களை நேரில் கண்ட மலையாளிப் பழங்குடி முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளிமலைப் பக்கம் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் ஒரு சரித்திர சாகசம் முழுசாகக் கிடைக்கும். கடுக்காய் பொறுக்கப் போன சிறுமி வழி தவறினால் அது திகில் கதை. நூறு நாள் வேலையின் கூலி யார் கணக்கில் போய் விழுந்தது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி துருவினால் அது துப்பறியும் கதை. கோமுகி அணையில் வேற்றுக்கிரக வண்டி ஒன்று இறங்கி, ‘காலனிக்கு எந்தப் பக்கம்?’ என்று வழி கேட்டால்? அதையும் யாராவது வரையட்டும்.

வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஷரத் சர்மாவின் ‘வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா’ அமைப்பினர், ஓவியம் கற்காத கிராமத்து மக்களையே நான்கு கட்டத்தில் கதை வரைய வைக்கிறார்கள். அதை நகலெடுத்துப் பேருந்து நிறுத்தத்திலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுவதுதான் அவர்களின் வெளியீட்டு விழா. புத்தகமாகவே வேண்டும் என்றால் அதுவும் எளிதுதான். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் பதினாறு பக்கம். ஆளுக்கு நான்கு பக்கம் என்று நான்கு பேர், நான்கு விதக் கதை. பென்சிலில் வரைந்தால் நகலில் சரியாக விழாது. மேலே கறுப்பு மைப் பேனாவால் இழுத்துவிட வேண்டும். முதுகில் இரண்டு ஸ்டேப்ளர் பின். அட்டைக்குப் பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் போதும்.