உங்களுக்குத் தெரியுமா? சோளிங்கர் பக்கத்து ஊர், சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலில்!

சோளிங்கர் பக்கத்தில் பெருங்காஞ்சி என்றொரு கிராமம் உண்டு. மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ நாவலில் வரும் சந்திரன் அந்த ஊர்ப் பிள்ளை. படிக்க வந்த இடம் வாலாஜாபேட்டை. அழகும் அறிவும் நிறைந்தவன். மனத்தை அடக்கத் தெரியாமல் சீரழிந்து, தொழுநோயில் முடிகிறான். அவன் கதையைச் சொல்பவன் பள்ளித் தோழன் வேலய்யன். ‘நான்’ என்று தன் வாழ்க்கையையும் சேர்த்தே சொல்வதால், யாரோ எழுதிய தன்வரலாற்றைப் படிப்பது போலவே இருக்கும். கற்பனை ஊரைத் தேடாமல் கண்ணெதிரே இருந்த ஊர்களையே எழுதியதுதான் இந்த நாவலின் பலம்.

மு.வ. என்று அழைக்கப்படும் வரதராசனுக்கு இந்த ஊர்கள் சொந்த மண். அவர் குடும்பத்தின் ஊரான வேலமும் இவை இருக்கும் அதே ராணிப்பேட்டை மாவட்டம்தான். ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இன்னொன்று: காந்தி, தாகூர், பெர்னாட்ஷா, திரு.வி.க. ஆகிய நால்வரின் வாழ்க்கையையும் மு.வ. தனித்தனி நூல்களாக எழுதியிருக்கிறார். இவர்களில் திரு.வி.க.வும் காந்தியும் தம் வரலாற்றைத் தாமே எழுதியவர்கள்.  மு.வ.வின் நூல்கள் நூலகத்தில் கிடைத்தால் ‘அகல் விளக்’கிலிருந்து தொடங்குங்கள்.