கூகுளில் முதல் இடம்: பணம் கட்டினால் வருமா?



சில மாதங்களுக்கு முன் சேலையூர் பக்கம் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சத்துமாவு, இட்லிப் பொடி, ஊறுகாய் செய்து விற்கும் குழு அது. அன்று ஒரு தீர்மானம் எழுதத் தயாராக இருந்தார்கள்.

"அக்கா, வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி திரும்ப வந்தாரு. இன்னும் 15,000 ரூபா கொடுத்தா நூறு பக்கம் சேர்த்து, கூகுள்ல நம்மள முதல் இடத்துல கொண்டு வந்துடுவேன், கேரண்டின்னு சொல்றாரு. பொதுநிதியிலேருந்து எடுத்துக் கொடுக்கலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் ஊக்குநர்.

முதலில் வெப்சைட்டை செல்போனில் திறந்து பார்த்தோம். மொத்தம் நாற்பது பக்கம். 'தாம்பரத்தில் சத்துமாவு', 'குரோம்பேட்டையில் சத்துமாவு', 'பல்லாவரத்தில் சத்துமாவு', 'மேடவாக்கத்தில் சத்துமாவு' என்று வரிசையாகப் போகிறது. ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது அதே எட்டு வரி. மாவில் என்ன சேர்க்கிறார்கள், விலை என்ன, யாரிடம் கேட்பது, எதுவும் இல்லை. ஒரே ஒரு பக்கம் மட்டும் அருமையாக இருந்தது. ஊக்குநரே சொல்லச் சொல்ல எழுதியது. தானியங்களை முளைகட்டுவது முதல் அரைப்பது வரை படத்தோடு இருந்தது.

"அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு, அது கூட ஏன் வரல?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். சரியான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

கூகுள் எதைப் பார்க்கிறது?

1998-ல் கூகுள் தொடங்கியபோது, ஒரு பக்கத்தை எத்தனை பேர் தங்கள் தளத்தில் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டது. நாலு பேர் சிபாரிசு செய்தால் நல்ல கடை என்று நாம் நினைப்பது போலத்தான். பிறகு பலர் ஆயிரக்கணக்கில் உப்புச்சப்பில்லாத பக்கங்களை எழுதிக் குவித்தார்கள். தேடுகிறவர்களுக்கு எரிச்சல் வந்தது.

அதனால் 2011 பிப்ரவரியில் கூகுள் ஒரு பெரிய மாற்றம் செய்தது. அதற்கு 'பாண்டா' என்று பெயர். கரடியின் பெயர் இல்லை, அதில் பங்கு வகித்த பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயர். அமெரிக்காவில் நூற்றுக்கு சுமார் 12 தேடல்களின் முடிவுகள் மாறின. அந்த ஆண்டு மே மாதம் கூகுள் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னது: ஒரு தளத்தின் சில பகுதிகள் தரம் குறைவாக இருந்தால், அது தளம் முழுவதையும் பாதிக்கலாம். 2022 ஆகஸ்டில் வந்த மாற்றமும் இதையே வலியுறுத்தியது. 2024 மார்ச்சில் அது கூகுளின் முக்கியத் தேர்வு முறையோடு சேர்க்கப்பட்டது.

நம் குழுவை வைத்தே புரிந்துகொள்வோம்

வங்கி நமக்குக் கடன் தரும் முன் என்ன பார்க்கிறது? பஞ்ச சூத்திரம்: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாத திருப்பம், சரியான கணக்கு. பத்து பேர் ஒழுங்காகக் கட்டி இரண்டு பேர் கட்டாவிட்டால், அந்தப் பத்து பேரின் மதிப்பும் சேர்ந்துதானே குறைகிறது? முப்பத்தொன்பது வெற்றுப் பக்கங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நல்ல பக்கத்தின் கதியும் அதுதான். இன்னும் நூறு சேர்த்தால் பாரம் கூடுமே தவிர பெயர் கூடாது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கம் போடுவதை ஏமாற்று வேலை என்றே கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது.

ஆனால் தளம் நன்றாக இருந்தாலே எல்லாப் பக்கமும் மேலே வந்துவிடாது. தேடுகிறவரின் கேள்விக்கு அந்தந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டும்.

கேரண்டி உண்டா?

கிடையாது. சாதாரணத் தேடல் முடிவில் இடம் தர கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. விளம்பரம் வேறு, அதை விளம்பரம் என்றே குறித்துக் காட்டுகிறார்கள். முதல் இடம் உறுதி என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று கூகுளே சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, 'இதைப் படிக்கிற வாடிக்கையாளருக்கு என்ன லாபம்?' என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், அல்லது நல்ல பக்கத்தோடு சேர்த்துவிடுங்கள்.

2. வேறு தளத்திலிருந்து காப்பி அடிக்காதீர்கள். உங்கள் கைப்பக்குவத்தை நீங்களே எழுதுங்கள்.

3. விலை, எடை, சேர்மானம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தொடர்பு எண் தெளிவாக இருக்கட்டும்.

4. சாதாரண செல்போனில் சீக்கிரம் திறக்கிறதா என்று பாருங்கள். பெரிய பெரிய படங்களைக் குறையுங்கள்.

5. கூகுள் வரைபடத்தில் உங்கள் தொழிலை இலவசமாகப் பதிவு செய்யுங்கள். பக்கத்துத் தெருவில் தேடுகிறவருக்கும் தெரியும்.

6. அவசரப்படாதீர்கள். மாற்றத்தைக் கூகுள் உணர்ந்துகொள்ளப் பல மாதங்கள் ஆகலாம்.

சேலையூர் குழு அன்று அந்தத் தீர்மானத்தை எழுதவில்லை. நாற்பது பக்கத்தை ஆறு பக்கமாகக் குறைத்தார்கள். முதல் இடம் இன்னும் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் அந்த 15,000 ரூபாய் அடுத்த கூட்டத்திலேயே ஒரு உறுப்பினரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணமாக உள்கடனில் போனது. தவணை தவறாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

உங்கள் குழுவிலும் யாராவது கேரண்டி என்று வந்தால், கையெழுத்துப் போடும் முன் கூட்டமைப்பில் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுச் செய்வோம், நிதானமாக வளர்வோம்!