திரைக்குப் பின்னால் யாருடைய காது?

ஃப்ராய்ட் நோயாளியைச் சாய்மெத்தையில் படுக்கவைத்து, தான் தலைமாட்டில் கண்ணில் படாமல் உட்கார்ந்துகொண்டதற்கான காரணங்களில் ஒன்றை 1913இல் ஒளிக்காமல் எழுதினார்: நாளுக்கு எட்டு மணி நேரம் பிறர் தன்னையே உற்றுப்பார்ப்பதைத் தாங்க முடியவில்லை. இணையவழி உளச்சிகிச்சையில் அந்த முகம் திரும்பி வந்துவிட்டது. போதாக்குறைக்குத் திரையின் மூலையில் நம் முகம் வேறு. அழுகிறவள் தன் அழுகையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காணாமல் போனது அறை. அறை என்றால் நான்கு சுவர் மட்டுமல்ல, குடும்பம் என்னும் சொல்லாடலுக்கு வெளியே கிடைத்த ஒரு மணி நேரம். இன்று ஆலோசகர் "தனியாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டே தொடங்க வேண்டியிருக்கிறது. ஒண்டுக்குடித்தனத்தில் ஏது தனியாக? கணவனைப் பற்றிப் பேச மொட்டைமாடிக்குப் போனவள், மாமியார் படியேறும் சத்தம் கேட்டதும் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்கிறாள். எது அவளை அழுத்துகிறதோ அதன் நடுவில் நின்றுகொண்டே அதைச் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்து பேசலாம்தான், விரலுக்குச் சத்தமில்லை. ஆனால் எழுத்து தங்கிவிடும்.

பாவசங்கீர்த்தனம் தேவாலயத்திலிருந்து மருத்துவத்துக்குள் நகர்ந்ததை ஃபூக்கோ 1976இல் விளக்கினார். இப்போது அந்தக் காதுக்குச் சந்தைவிலையும் உண்டு. பயனர் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக எழுந்த புகாரில், 2023இல் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தை 78 லட்சம் டாலர் செலுத்தவைத்தது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? மனநலப் பிரிவு வரிசையில் நின்றால் ஊரே பார்க்கும். மாடியில் நிற்பவளுக்கு இந்தக் கதவுதான் இருக்கிறது. முதல் நாளே அவள் கேட்டுவிடலாம்: குறிப்புகளை எங்கே வைப்பீங்க, யாருக்குக் காட்டுவீங்க, மாமியார் வந்தா நான் என்ன சொல்லிக் கட் பண்ணட்டும்?