பல் கட்டும் முன்...

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விட்டால், பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயக்கூடும். எதிர்த் தாடையிலுள்ள பல் மெல்ல இடம்பெயரக்கூடும். பல்லைத் தாங்கி நின்ற எலும்பும் வேலையிழந்து கரையத் தொடங்கும்.

ஆனால், அதை எப்படி ஈடு செய்வது, யாரிடம் செய்துகொள்வது என்பதற்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தில் கடைசி இரு கடைவாய்ப்பற்களை இழந்தார். மூன்று மருத்துவர்களைப் பார்த்தார். இரண்டு இம்பிளான்ட் வேண்டும் என்றார் ஒருவர். கழற்றி மாட்டும் பல் போதும் என்றார் மற்றொருவர். மெல்லுவதில் சிரமம் இல்லையென்றால் எதுவுமே தேவையில்லை என்றார் மூன்றாமவர்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இது வியப்பளிக்கவில்லை. மருத்துவச் சந்தை பிற சந்தைகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்பதை 1963-இல் கென்னத் ஆரோ விளக்கினார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கலாம். சிகிச்சையை அப்படி வாங்க முடியாது. நமக்கு என்ன தேவை என்று சொல்பவரும் அதை வழங்குபவரும் ஒருவரே. போதாக்குறைக்கு, நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை விபத்தினால் அல்லாத பல் சிகிச்சையை ஏற்பதில்லை. கேள்வி கேட்கக் காப்பீட்டு நிறுவனமும் இல்லாத நிலையில், நோயாளிதான் கேட்டாக வேண்டும்.

முதலில் மருத்துவரின் கல்விப் பின்புலம். பி.டி.எஸ். என்பது ஓராண்டு உறைவிடப் பயிற்சி உள்பட ஐந்தாண்டுப் படிப்பு. அதன்பின் மூன்றாண்டு எம்.டி.எஸ்.; அதில் ஒன்பது பிரிவுகள் உண்டு. இழந்த பற்களை ஈடு செய்வதற்கென்றே உள்ள பிரிவு 'ப்ராஸ்தடான்டிக்ஸ்'. இம்பிளான்ட் இத்துறையின் பாடத்தில் அடங்கும். வாய் அறுவை சிகிச்சை, ஈறு மருத்துவம் படித்தவர்களும் அதைப் பொருத்துகிறார்கள். ஆனால், இம்பிளான்டுக்கெனத் தனி எம்.டி.எஸ். பிரிவு கிடையாது. எனவே, 'இம்பிளான்ட் நிபுணர்' என்று பெயர்ப்பலகை கூறினால், எந்தப் பிரிவில் பட்டம் பெற்றவர், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஒரு பல்லுக்கு அனுபவமிக்க பி.டி.எஸ். மருத்துவரே போதும். வாய் முழுவதையும் சீரமைக்க வேண்டியிருந்தால் சிறப்பு மருத்துவரை நாடுவதே உசிதம்.

அடுத்து, வழிமுறைகள். கழற்றி மாட்டும் பல்செட் விலை குறைவு. கீழ்த்தாடையில் மட்டும் அது அசைந்துகொண்டே இருக்கும் என்பது போட்டவர்கள் அறிந்த துயரம். 'பிரிட்ஜ்' நிலையானது, ஆனால், இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்கியாக வேண்டும். மேலே சொன்ன நண்பருக்கு அதுவும் இயலாது. பின்புறம் தாங்கப் பல் இல்லை.

மூன்றாவது இம்பிளான்ட். டைட்டானியம் உலோகத்துடன் எலும்பு ஒட்டி வளர்வதை 1952-இல் ஸ்வீடனின் பிரானெமார்க் முயல் எலும்பில் ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்டார். 1965-இல் மனிதருக்குப் பொருத்தினார். எலும்பில் திருகு பொருத்தியபின், அது இறுகப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருந்து மேல்பல்லை வைப்பது வழக்கமான முறை. கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதன் எதிரிகள். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கீழ்ப்பற்கள் அனைத்தையும் இழந்தவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. இரண்டே இரண்டு இம்பிளான்டுகளைப் பொருத்தி, அவற்றின்மேல் பல்செட்டைப் பிடிக்கச் செய்வது அது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் 2002-இல் பரிந்துரைத்தது இதைத்தான். வாய் முழுக்க இம்பிளான்ட் என்னும் விளம்பரங்களின் இரைச்சலில் இது காதில் விழுவதில்லை.

அதைவிட அரிதாகக் காதில் விழுவது மூன்றாம் மருத்துவர் சொன்னது. முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் நன்றாக இருந்தால், கடைசிக் கடைவாய்ப்பற்கள் இல்லாமலேயே பலர் திருப்தியாக உண்ண முடியும் என்று நெதர்லாந்தின் கைசர் 1981-இல் எழுதினார். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால், 'செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு மருத்துவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அதில் கட்டணம் ஏதும் கிடைக்காது என்பதாலேயே அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சுவோர் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். அங்கே பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சையளிக்கிறார்கள்; பணத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவிட நேரும்.

தனியாரிடம் போனால், சொல்லப்படும் தொகை திருகுக்கு மட்டுமா, மேல்பல்லும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். திருகைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர், அளவு ஆகிய விவரங்களையும் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவது நல்லது. நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் இணைப்பு மாறும். சில ஆண்டுகள் கழித்து மேல்பல் தளர்ந்து வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.