லேடாங் மலைக்கு ஒரு வாரப் பயணம்

ஜாசின், அசஹான் வட்டாரத்தில் வாழும் மாணவர்களுக்கு லேடாங் மலை புதியதன்று. மலாக்கா எல்லையை ஒட்டி, ஜொகூர் மாநிலத்தில் நிற்கும் இம்மலையின் உயரம் 1,276 மீட்டர். இன்று விடியற்காலையில் வழிகாட்டியுடன் ஏறத் தொடங்கினால் மாலைக்குள் இறங்கிவிடலாம். 1854ஆம் ஆண்டில் அங்குச் செல்லப் புறப்பட்ட ஒரு குழுவோ ஒரு வாரத்திற்கு வேண்டிய அரிசியைச் சுமந்து சென்றது.

அக்குழுவை அழைத்துச் சென்றவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர். அப்போது அவருக்கு வயது 31. பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். உயிரியலைத் தாமாகவே கற்றார். பின்னாளில் டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தாமே கண்டறிந்தார். மலாக்காவுக்கு வந்தபோது, பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றே வாழ்க்கை நடத்தி வந்தார்.

ஆயர் பானாஸிலிருந்து வாலஸும் அவருடைய நண்பரும் ஆறு மலாய்க்காரர்களுடன் புறப்பட்டனர். அரிசி, கருவாடு, காப்பி, போர்வை, பூச்சி வலை, துப்பாக்கி ஆகியவை சுமைகளாயின. மலையடி ஏறக்குறைய 30 மைல் தொலைவு என்று கணக்கிட்டனர். அன்று அவ்வழியில் ரப்பர் தோட்டம் ஏதுமில்லை. டான் சே யான் மலாக்காவில் ரப்பர் பயிரிட்டது 1896இல்தான். நம் முன்னோர் பால்மரம் வெட்டிய நிலங்களெல்லாம் அதற்குப் பின்னர் உருவானவை. முதல் நாள் இரவு ஒரு மலாய்த் தலைவரின் வீட்டுத் திண்ணையில் தங்கினர்.

மறுநாள் முழங்கால் அளவு சேற்றில் நடந்தனர். அட்டைகள் விடவில்லை. இலை நுனியில் நீண்டு காத்திருக்கும் அட்டை, ஆள் உரசியதும் ஒட்டிக்கொள்ளும். அது கடிப்பது வலிப்பதில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளையும் அது உடலில் செலுத்திவிடுகிறது. அதனால், மாலையில் குளிக்கும்போதுதான் ஒவ்வொருவர் உடலிலும் பல அட்டைகள் இருப்பது தெரிந்தது. வாலஸின் கழுத்திலும் ஒன்று இருந்தது!

குழுவில் உச்சிவரை முன்பே ஏறியிருந்தவர் மூத்த மலாய்க்காரர் ஒருவர். மலையடியில் மற்றவர்கள் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் இருவரை அழைத்துச் சென்று அடுத்த நாளுக்குரிய பாதையை வெட்டிச் சீராக்கினார். உண்மையான மலையேற்றம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

மறுநாள் ஏறியபோது, பாடாங் பத்து என்னும் பாறைச் சரிவில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பியிருந்தனர். ஒரு துளியும் கிடைக்கவில்லை. சரிவான பாறையில் மழைநீர் தங்காது, ஓடிவிடும். அங்கே குடுவைத் தாவரங்கள் மட்டும் செழித்திருந்தன. பூச்சிகளைப் பிடித்துண்ணும் அத்தாவரத்தின் குடுவைகளில் கால் லிட்டர் அளவு நீர் இருந்தது. பூச்சிகள் மிதந்த அந்நீரைத் தயங்கிச் சுவைத்தனர், நன்றாகவே இருந்தது. எல்லாரும் குடித்துத் தாகம் தீர்த்தனர்.

அதன்பின் ஒரு சிறு சிகரத்தை அடைந்தனர். சுமை தூக்கியவர்கள் இனி இயலாது என்று நின்றுவிட்டனர். அவர்களைக் குறை கூற முடியாது. எதிரே இருந்த ஏற்றம் அவ்வளவு செங்குத்தானது. நின்ற இடத்திலோ தண்ணீர் இல்லை. ஊற்று உச்சியின் அருகில்தான் இருந்தது. ஆகவே, ஆளுக்கொரு போர்வையை எடுத்துக்கொண்டு, உணவைத் தமக்குள் பங்கிட்டு, நால்வர் மட்டும் மேலே சென்றனர்: வாலஸ், நண்பர், அம்முதியவர், அவருடைய மகன். கைகளையும் ஊன்றி ஒரு மணி நேரம் ஏறியபின், தொங்குபாறையின் கீழே ஊற்றுநீர் தேங்கியிருந்தது. சில நிமிடங்களில் உச்சியில் நின்றனர்.

இறங்கியபின் ஆர்கஸ் என்னும் பெரிய காட்டுக்கோழியைத் தேடினர். குரல் மட்டுமே கேட்டது. அம்முதியவர் இருபது ஆண்டுகளாக அக்காடுகளில் பறவைகளைச் சுட்டு வந்தவர். அவரும் அக்கோழியை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. பிடிபட்ட பின்னரே பார்த்திருக்கிறார். இதையெல்லாம் தம் பயண நூலில் எழுதிய வாலஸ், அவருடைய பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.